குடும்பஸ்தராய் இருந்து இறைவனைத் தேடிய பப்பா இராமதாசர்

அரிது அரிது மானிடராய்ப் பிறத்தல் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த உண்மையாகும். அப்படிக் கிடைத்தற்கரிய இப்பிறவியில் நாம் பெறும் பேறுகளுள் மக்கட்பேறு மிகவும் சிறந்தது. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, தாயும் தந்தையும் குழந்தையை ஏந்திக்கொண்டு முதலில் வருவது ஆலய வாசலுக்கே. அதன்பின் அக்குழந்தையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை, சோறு தீற்றுதல், விஜயதசமியில் ஏடு தொடக்குதல் என்று ஒவ்வொரு படியிலும் பெற்றோர் இறைவனை நாடி வருகின்றனர். இளவயதில் கோயிலுக்குப் பின்வீதியால் மட்டும் போய்வந்தவர்கள் கூட, தமக்கென ஒரு பிள்ளை பிறந்ததும் மூலஸ்தானத்தின் முன் கண்ணை மூடி நிற்பதை எமது ஆலயத்திலே பல வருடங்களாகக் கண்டு வருகின்றோம்.

ஏன் இந்த மாற்றம்? தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனிதனுக்கு, தன்னை நம்பி ஓர் உயிர் வந்துவிட்டதென்றால் பயமும் பொறுப்பும் ஒன்றாக வந்து சேருகின்றன. இந்தப் பிள்ளைக்கு நான் எதைக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன், உழைப்பதும் உண்பதும் உறங்குவதுந்தானா வாழ்க்கை, இதற்கு மேல் ஒன்றும் இல்லையா என்ற கேள்விகள் எழுகின்றன. பலர் அக்கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு அன்றாட அலுவல்களைப் பார்க்கப் போய்விடுகின்றனர். வெகு சிலரே அவற்றை இறுதிவரை தொடர்ந்து செல்கின்றனர். அவ்வாறு தொடர்ந்து சென்ற ஒருவரே பப்பா இராமதாசர் என்று பக்தர்களால் அன்போடு அழைக்கப்படும் சுவாமி இராமதாசர் ஆவார். அவருடைய வரலாற்றை எமது அடியார்கள் அறிந்திருப்பது நன்மை பயக்கும் என்பதால் இங்கு சுருக்கமாக எழுதப்படுகின்றது.

பிறப்பும் கல்வியும்

இந்தியாவின் தென்மேற்குக் கரையில், இன்றைய கேரள மாநிலத்தின் வடபகுதியில் காஞ்ஞங்காடு என்ற ஊர் உள்ளது. அதனருகே ஹொஸ்துர்க் என்னும் இடத்தில் 1884 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10 ஆந் திகதி இவர் பிறந்தார். தந்தையார் பாலகிருஷ்ண ராவ், தாயார் லலிதா பாய். பிள்ளைக்கு விட்டல் ராவ் என்று பெயரிட்டனர். பெரிய குடும்பம், தெய்வபக்தி நிறைந்த வீடு. தந்தையார் இராமபிரானிடத்தில் நீங்காத அன்பு பூண்டவர்.

விட்டல் ராவ் மங்களூரில் கிறிஸ்தவ மிஷன் பாடசாலை ஒன்றில் படித்தார். பாடப்புத்தகங்களைக் காட்டிலும் ஆங்கில இலக்கிய நூல்களிலேயே அவருக்கு நாட்டம் அதிகம். அதனால் பரீட்சையில் சித்தியடையவில்லை. பின்னர் சென்னையில் சித்திரக்கலை பயின்று, அதன்பின் பம்பாயிலுள்ள விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியில் நெசவுத் தொழில் கற்றுத் தேர்ந்தார்.

உத்தியோகமும் குடும்பமும்

படித்து முடித்தபின் பருத்தி ஆலைகளில் நூற்பு அதிகாரியாக உத்தியோகம் கிடைத்தது. ஆனால் எந்த இடத்திலும் நிலைத்திருக்க முடியவில்லை. சில காலம் வேலை, சில காலம் வேலையின்மை, ஊர் விட்டு ஊர் மாறுதல் என்று வாழ்க்கை ஓடியது. 1908 ஆம் ஆண்டில் ருக்மாபாய் என்ற பெண்மணியை மணந்தார். 1913 இல் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரமாபாய் என்று பெயரிட்டு அருமையாக வளர்த்தனர். அவர்களுக்கு இருந்தது அந்த ஒரே மகள்தான்.

பிள்ளையும் மனைவியும் என்று ஆனபின் நிரந்தரமான வருமானம் தேவைப்பட்டது. 1917 அளவில் மங்களூருக்கு வந்து மாமனாரின் வியாபாரத்தில் சேர்ந்தார். அங்கு ஒத்துப்போகாமையால் பிரிந்து, சேலைகளுக்குச் சாயமிட்டு அச்சடிக்கும் தொழிலைத் தாமாகவே தொடங்கினார். தொழில் தெரிந்தவர்தான், ஆனால் வியாபார சூட்சுமம் தெரிந்தவர் அல்லர். நட்டம் ஏற்பட்டது. கடன் ஏறியது. வீட்டிலும் மன அமைதி குன்றியது.

உத்தியோகம் பார்த்துக் குடும்பம் நடத்திய எவருக்கும் இந்த நிலை விளங்கும். மாத முடிவில் கையில் உள்ளதையும் கொடுக்கவேண்டியதையும் கணக்குப் பார்த்துவிட்டு, உறங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது ஒரு தகப்பனுக்கு ஏற்படும் வேதனை சொல்லில் அடங்காது. விட்டல் ராவும் அத்தகைய வேதனையில் இருந்தார். பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் எண்ணுவது போல அவரும் சில காலம் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் நாளடைவில் அவருடைய கேள்வி மாறியது. கடனை எப்படித் தீர்ப்பது என்பதிலிருந்து, நிலையான அமைதி எங்கே இருக்கின்றது என்பதற்கு அது சென்றது.

தந்தை தந்த மந்திரம்

துன்பத்தின் நடுவே இராம நாமத்தைச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல மனத்தின் கொந்தளிப்பு அடங்குவதை உணர்ந்தார். தொழிலுக்குப் போய்வரும் வழியிலும், இரவில் பாயில் படுத்திருக்கும்போதும் நாமம் நாவில் இருந்தது. இதனை அவதானித்த தந்தையார் ஒருநாள் மகனை அழைத்து, ஸ்ரீ ராம் ஜெய ராம் ஜெய ஜெய ராம் என்ற பதின்மூன்றெழுத்து மந்திரத்தை உபதேசித்தார். இதை இடையறாது செபித்தால் நிலையான ஆனந்தம் கிட்டும் என்றும் அறிவுறுத்தினார். மகன் அதன் முன்னே ஓங்காரத்தைச் சேர்த்துச் செபிக்கலானார். அன்று முதல் பெற்ற தந்தையே அவருக்குக் குருவும் ஆனார்.

இங்கு ஒரு விடயத்தைக் கவனித்தல் வேண்டும். கடனில் மூழ்கிய மகனுக்கு அந்த முதிய தகப்பனார் கொடுத்த சீதனம் பதின்மூன்று எழுத்துக்களே. நாம் பிள்ளைகளுக்குக் காணியும் வீடும் நகையும் சேர்த்து வைக்கப் பாடுபடுகின்றோம், அதில் குற்றமில்லை. ஆனால் துன்பம் வந்து சூழும் வேளையில் பற்றிப் பிடிக்க ஒரு நாமத்தைப் பிள்ளையின் நாவில் வைத்திருக்கின்றோமா என்று ஒவ்வொரு பெற்றோரும் தம்மைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாமம் வளர வளர மற்ற ஆசைகள் குறைந்தன. ஒருநேர உணவு, அதுவும் வாழைப்பழமும் அவித்த உருளைக்கிழங்கும் என்றாயிற்று. பகவத் கீதை, பைபிளின் புதிய ஏற்பாடு, காந்தியடிகளின் எழுத்துக்கள் ஆகியவற்றை விரும்பி வாசித்தார். கௌதம புத்தரின் வாழ்க்கையை எட்வின் ஆர்னோல்ட் ஆங்கிலத்தில் பாடிய நூலும் அவர் கைக்கு வந்தது. மனைவியையும் பச்சிளங் குழந்தை இராகுலனையும் விட்டு நள்ளிரவில் வெளியேறிய அரசகுமாரனின் கதை, ஒரு பெண்பிள்ளையின் தகப்பனான அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

வீட்டை விட்டுப் புறப்படல்

1922 ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு கடிதங்கள் எழுதி வைத்தார். ஒன்று மனைவிக்கு. இனி அவரைத் தமது சகோதரியாகவே கருதுவதாகவும், இராமன் தம்மை அழைத்துவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். மற்றையது, கடன் கொடுக்கல் வாங்கல்களைப் பார்த்துத் தீர்க்கும்படி நண்பர் ஒருவருக்கு. 25 ரூபா பணமும் சில நூல்களும் எடுத்துக்கொண்டு, விடியற்காலைப் புகையிரதத்தில் ஏறினார். எங்கே போகின்றோம் என்று அவருக்கே தெரியாது. அப்போது அவருக்கு வயது 38. மகளோ பத்து வயதையும் எட்டாத சிறுமி.

ஈரோடு வழியாகத் திருவரங்கம் வந்து சேர்ந்தார். காவேரியில் நீராடி, தாம் உடுத்திருந்த வெள்ளை ஆடைகளை ஆற்றோடு விட்டார். காவி உடுத்து, இராமனுக்கு அடிமை என்னும் பொருள்படத் தமக்குத் தாமே இராமதாஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுவதையும் இறைவனுக்கே அர்ப்பணிப்பது, பிரமசரியம் காத்து எல்லாப் பெண்களையும் தாயாகவே காண்பது, பிச்சையாகக் கிடைப்பதை மட்டும் உண்பது என்ற மூன்று விரதங்களை மேற்கொண்டார். அன்று தொடக்கம் தம்மைப்பற்றிப் பேசும்போது நான் என்ற சொல்லை விடுத்து, வேறொருவரைப் பற்றிச் சொல்வது போல இராமதாஸ் என்றே சொல்லிவந்தார்.

அதன்பின் இராமேஸ்வரம், மதுரை, சிதம்பரம் முதலான நம்மவர் போற்றும் தலங்களை எல்லாம் தரிசித்தார். பயணச்சீட்டு இல்லாமலே புகையிரதத்தில் ஏறுவார். அதிகாரிகள் இறக்கிவிட்டால், இந்த இடத்தைக் காண வேண்டுமென்பது இராமனின் திருவுளம் என்று மகிழ்ந்து இறங்குவார். உணவு கொடுத்தவரும் இராமன், விரட்டியவரும் இராமன், அன்பாய்ப் பேசியவரும் ஏசியவரும் இராமனே என்று கொள்ளும் மனநிலையை இந்த யாத்திரையில் அவர் பழகிக்கொண்டார்.

அருணாசலத்தில் கிடைத்த அனுபவம்

யாத்திரையின் உச்சம் திருவண்ணாமலையாகும். அங்கே பகவான் இரமண மகரிஷிகளின் சந்நிதியில் நின்று அருள் வேண்டினார். மகரிஷிகள் ஒரு வார்த்தையும் பேசாது சில நிமிடங்கள் அவரை உற்றுநோக்கினார். அந்தப் பார்வையே போதுமானதாயிற்று. அங்கிருந்து அருணாசல மலையில் ஒரு குகையை அடைந்து, ஏறத்தாழ மூன்று வாரங்கள் இரவு பகலாக நாமசெபத்தில் மூழ்கியிருந்தார். உணவு ஒரு பிடி சோறு மட்டுமே.

ஒருநாள் காலை குகையை விட்டு வெளியே வந்தவருக்குப் பார்க்குமிடமெங்கும் இராமனே தெரிந்தான். மரங்களை ஓடிச்சென்று தழுவினார். வழியால் வந்த மனிதர் ஒருவரையும் இராமா என்று கட்டியணைத்துவிட்டார். அம்மனிதர் பைத்தியம் என்று அஞ்சினாராம். ஆனாலும் வாயில் பற்கள் இல்லாதபடியால் கடிக்கமாட்டார் என்று தேறினாராம். இதனைப் பிற்காலத்தில் இராமதாசர் தாமே சொல்லிச் சிரிப்பதுண்டு.

அங்கிருந்து திருப்பதி, பூரி, கல்கத்தா, காசி, இரிஷிகேசம் என்று சென்று இமயத்தில் கேதார்நாத், பத்ரிநாத் வரை நடந்து தரிசித்தார். பின் பம்பாய் வழியாகத் தெற்கே திரும்பி, ஹூப்ளியில் சித்தாரூட சுவாமிகளின் மடத்தை அடைந்தார்.

மனைவியும் மகளும் முன்னே நின்றபோது

அங்கேதான் இவ்வரலாற்றின் மிகக் கடினமான இடம் வருகின்றது. அவர் ஹூப்ளியில் இருப்பதை அறிந்து, மனைவி ருக்மாபாய் மகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்று வேண்டினார். இராமதாசர் கோபிக்கவில்லை, ஒளிந்து ஓடவுமில்லை. எல்லாம் இராமன் செயல் என்றும், பந்தத்திலிருந்து விடுவித்தவன் அவனே என்றும், அவனைப் பற்றிக்கொள்வதே எல்லோருக்கும் வழி என்றும் அமைதியாகக் கூறினார். மனைவியைத் தாயே என்று அழைத்தார். சித்தாரூடர் அவர்களோடு மங்களூர் போய்வரும்படி பணிக்க, அதையும் ஏற்றுப் புறப்பட்டார். ஆனால் மங்களூரில் பழைய இல்லற வாழ்வுக்கு அவர் திரும்பவில்லை. கத்ரி மலையிலுள்ள பஞ்சபாண்டவர் குகையில் தங்கித் தவமியற்றினார். அங்கு வைத்துத் தமது யாத்திரை அனுபவங்களை ஆங்கிலத்தில் எழுதினார். இறைவனைத் தேடி எனப் பொருள்படும் அந்நூல் 1925 ஆம் ஆண்டு வெளிவந்து பல மொழிகளிலும் பரவியது.

இதை வாசிக்கும் அடியார்களுள் சிலர், குறிப்பாகத் தாய்மார், அந்தச் சிறுமியையும் அவளுடைய தாயையும் நினைத்து மனம் வருந்துவர். அந்த வருத்தம் நியாயமானதே. கடனையும் பிள்ளையையும் ஒரு பெண்ணின் தலையில் விட்டுச் செல்வது சிறிய காரியமன்று. மகான் என்பதற்காக அந்தத் தாயின் கண்ணீரை நாம் மறைத்துப் பேசுதல் தகாது. இராமதாசரின் துறவுக்கு அவர் மட்டுமன்றி ருக்மாபாயும் ரமாபாயும் விலை கொடுத்தனர் என்பதே உண்மை. மகான்களின் வரலாறுகளில் வீட்டிலிருந்தோரின் பெயர்கள் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆயினும் அவர்களுடைய பொறுமையும் ஒருவகைத் தவமே.

ஆனந்தாச்சிரமம்

1928 இல் காசர்கோட்டில் அன்பர்கள் அவருக்கு ஒரு சிறு ஆச்சிரமம் அமைத்தனர். அக்காலத்தில் கிருஷ்ணாபாய் என்ற அம்மையார் அவரிடம் வந்து சேர்ந்தார். 1903 இல் பிறந்த இவ்வம்மையார் இளவயதிலேயே கணவனை இழந்தவர். இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். பிள்ளைகள் இருந்தும் வாழ்க்கை வெறுமையாகிப்போன நிலையில் ஆறுதல் தேடி வந்தவர், இராமநாமத்தில் உறுதியாக நின்று விரைவிலேயே உயர்ந்த நிலையை எய்தினார். ஊரார் பலவிதமாகப் பேசினர். தொல்லைகளும் நேர்ந்தன. அவற்றை இருவரும் பொருட்படுத்தவில்லை. யாரிடமும் பகை பாராட்டாமல் காசர்கோட்டை விட்டு நீங்கினர்.

1931 ஆம் ஆண்டில், இராமதாசர் பிறந்த ஊருக்கு அண்மையிலேயே, காஞ்ஞங்காட்டில் ஆனந்தாச்சிரமம் தோன்றியது. சாதி, மத, இன வேறுபாடின்றி எவரும் வரலாம், தங்கலாம், உண்ணலாம். அதுவே அங்கு விதி. நாள் முழுவதும் இராமநாமம் ஒலிக்கும். பக்கத்திலுள்ள ஏழை மக்களுக்குக் கல்வியும் வைத்தியமும் நெசவு வேலையும் கிடைக்க ஆச்சிரமம் வழிசெய்தது. 1933 முதல் ஆங்கிலத்தில் ஒரு மாத சஞ்சிகையும் வெளிவரலாயிற்று. 1954 இல் இராமதாசரும் கிருஷ்ணாபாயும் சீடர் சுவாமி சச்சிதானந்தரும் உலக யாத்திரை மேற்கொண்டு ஐரோப்பா, அமெரிக்கா, யப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்று நாமத்தின் பெருமையைப் பரப்பினர்.

எல்லோருக்கும் அப்பா

கிருஷ்ணாபாய் அம்மையார் இராமதாசரைப் பப்பா என்று அழைத்தார். பப்பா என்றால் தகப்பன். அந்தப் பெயரே நிலைத்தது. வெளிநாட்டவரும் உள்நாட்டவரும், முதியவரும் சிறுவரும் அவரைப் பப்பா என்றே அழைத்தனர். ஒரு பிள்ளைக்கு மட்டும் தகப்பனாயிருந்து கடனுக்கும் கவலைக்கும் அஞ்சியவர், பிற்காலத்தில் தேடி வந்தவர்களுக்கெல்லாம் தகப்பனாய் இருந்தார். அம்மையாரை எல்லோரும் மாதாஜி என்றனர்.

திருவண்ணாமலையில் விசிறி சாமியார் என்று புகழ்பெற்ற யோகி ராம்சுரத்குமாரும் பப்பாவின் சீடரே. வடநாட்டிலே ஆசிரியராக இருந்த அவரும் மனைவி மக்களோடு வாழ்ந்தவர். 1952 ஆம் ஆண்டில் ஆனந்தாச்சிரமத்தில் இராமநாம உபதேசம் பெற்றார். அருணாசலத்தை நாடிச் சென்ற நம்மவர் பலர் அவரைத் தரிசித்துள்ளனர். பாலகிருஷ்ண ராவ் என்ற தகப்பனார் தம் மகனுக்கு வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே மந்திரந்தான் இவ்வாறு நாடெங்கும் சென்றது.

1963 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25 ஆந் திகதி பப்பா இராமதாசர் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் மாதாஜி ஆச்சிரமத்தை நடத்தி 1989 இல் மகாசமாதி அடைந்தார்.

நாம் பெறவேண்டிய படிப்பினை

பப்பா வீட்டை விட்டுச் சென்றாரே, நாமும் அப்படிச் செல்ல வேண்டுமா என்று எவரும் கேட்கலாம். அதற்குப் பதில் அவருடைய பிற்கால உபதேசத்திலேயே உள்ளது. தம்மிடம் வந்த குடும்பஸ்தர்களை அவர் பொதுவாகத் துறவுக்குத் தூண்டவில்லை. இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு, செய்ய வேண்டிய கடமைகளை இறைபணியாக எண்ணிச் செய்து, நாமத்தை விடாது பற்றும்படியே சொன்னார். துறக்க வேண்டியது நான், எனது என்னும் எண்ணத்தையே. மனைவி மக்களை அன்று.

நமது சைவ மரபும் இதையே காட்டுகின்றது. அறுபத்துமூன்று நாயன்மாருள் இல்லறத்தில் நின்று தொண்டு செய்தோர் பலர். வறுமையிலும் மனைவியோடு சேர்ந்து அடியாருக்கு அமுதளித்த இளையான்குடிமாறனாரும், தம் பிள்ளைகளுக்கெல்லாம் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டு வளர்த்த அப்பூதியடிகளும் வீட்டை விட்டு வெளியேறவில்லை. வீட்டையே கோயிலாக்கினர். ஆகவே வழிகள் இரண்டு உண்டு. வீட்டை விட்டுச் சென்று இறைவனை எங்கும் காண்பது ஒன்று. வீட்டில் இருந்தபடியே, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிலும் படுக்கையில் கிடக்கும் பெற்றோரிலும் இறைவனைக் காண்பது மற்றொன்று. முதலாவது ஆயிரத்தில் ஒருவருக்கு விதித்தது. இரண்டாவது எம் எல்லோருக்கும் உரியது. அது இலகுவானது என்றும் எண்ணிவிடக் கூடாது. இரவில் அழும் பிள்ளைக்காக நாலு தரம் எழும்பும் தாயும், கடன் கேட்டு வந்தவர் முன் தலைகுனிந்து நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையோடு சிரித்துப் பேசும் தகப்பனும் செய்வது தவமேயாகும். அந்தத் தவத்தோடு ஒரு நாமமும் சேர்ந்துவிட்டால் குறை ஒன்றுமில்லை.

பப்பாவுக்கு அது இராமநாமம். எமக்கு அது திருவைந்தெழுத்தாக இருக்கலாம், ஆறெழுத்தாக இருக்கலாம், அம்பாளின் நாமமாக இருக்கலாம். எதுவாயினும் தினமும் பொழுதுபட விளக்கேற்றியபின் கால்மணி நேரமாவது பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து அதனை உச்சரித்தல் வேண்டும். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அந்தக் கால்மணி நேரத்துக்கு மூடி வைக்கலாம். தனியே பிள்ளையை மட்டும் தேவாரம் பாடு என்று ஏவிவிட்டுத் தாம் வேறு அலுவல் பார்க்கும் பெற்றோரின் சொல் பிள்ளையின் மனத்தில் தங்காது. பாலகிருஷ்ண ராவ் மகனுக்கு மந்திரம் கொடுக்க முடிந்தது, அவர் தாமே அதனைச் சொல்லி வாழ்ந்தபடியால்தான்.

எமது பிள்ளைகள் படித்து நல்ல உத்தியோகம் பெற வேண்டும், நாடு கடந்து சென்றாலும் நலமாக வாழ வேண்டும் என்றே நாம் அனைவரும் திருவிழாக் காலத்தில் நேர்த்தி வைக்கின்றோம். அதனோடு, எங்கு சென்றாலும் இறைவனை மறவாத உள்ளமும் அவர்களுக்கு வாய்க்க வேண்டும் என்று எம்பெருமானின் திருவடிகளை வேண்டி நிற்போமாக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக உலகமெல்லாம்.